இரண்டு பக்கமும் மடித்த விரிப்பு

வெயில் சாய்கிற நேரத்தில் மெத்தைக்காரர் அந்தப் பழைய ஓட்டலின் வாசலில் வாடகை வண்டியிலிருந்து இறங்கினார். வண்டிக்காரரிடம் பேரம், வரவேற்பு மேசையிலும் பேரம். அறையே இலவசம் என்று சொன்ன பிறகும், ராத்திரிச் சாப்பாடு அதில் அடக்கமா என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்தார். வியாபாரக் குடும்பத்தில் பிறந்த நாக்கு. சும்மா கொடுத்தாலும் கொசுறு கேட்கும்.

இலவசத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஓட்டலின் கட்டில்களில் கிடப்பதெல்லாம் அவர் கடை மெத்தைகள். எங்களிடம் ஸ்பிரிங் கிடையாது, சுத்தமான இலவம்பஞ்சு என்று ஓட்டல்காரர்கள் பெருமையாக விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். பின்பக்கம் புதுக் கட்டடம் எழும்பி வர்ணமும் பூசியாகிவிட்டது. அதற்கான ஆர்டரும் தனக்குத்தான் என்ற நினைப்பில் மெத்தைக்காரர் கடன் வாங்கிப் புதுப் பஞ்சு மிஷின் ஒன்றை இறக்கி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து மேல்மாடிக் கோடி அறையிலிருந்து புகார்கள். படுக்கையில் ஈரம் என்றார் ஒருவர். நாற்றம் என்றார் இன்னொருவர். புதுமணத் தம்பதி ஒன்று காரணமே சொல்லாமல், விளக்கு வைக்கிற நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஓட்டல் மேலாளர் மெலிந்த மனிதர், குரலும் மெலிசு. பேரம் பேசத் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மெத்தைக்காரர் அந்த அறையில் ஓர் இரவு படுக்க வேண்டும். காலையில் இறங்கி வந்து, நன்றாகத் தூங்கினேன் என்று தம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் புதுக் கட்டடம் அவருக்கு. இல்லாவிட்டால் ஸ்பிரிங் மெத்தைக் கம்பெனிக்காரன் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறான்.

கரும்பு தின்னக் கூலியா? மெத்தைக்காரர் உடனே சம்மதித்துவிட்டார். மாடிப்படி ஏறும்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருஷத்தில் தம் கடை மெத்தையில் அவர் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

வீட்டில் அவருக்குப் பாய்தான். முதுகுவலிக்குப் பாயே மருந்து என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வார். மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மெத்தையில் தூக்கம் வராது என்பதுதான் நிஜம். மூடிப்போன விடுதி, ஏலத்துக்கு வந்த ஆஸ்பத்திரிச் சாமான், ஆள் போய்ச் சேர்ந்த வீடு என்று எங்கெங்கோ கிடந்து, யார் யார் வேர்வையையோ குடித்த பஞ்சு அவருடைய கொட்டகைக்கு வந்து சேரும். கட்டி கட்டியாக, பழுப்பாக, சில இடங்களில் பொருக்கு விட்டு இருக்கும். கிழித்து வெயிலில் கொட்டி மிஷினில் அடித்தால் மேகம் மாதிரி எழும்பும். புது உறைக்குள் தள்ளித் தைத்துவிட்டால் கண்டுபிடிக்க இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும். பழைய கள், புது மொந்தை.

கடை மாமனாருடையது. வித்தையும் அவருடையதுதான். "பஞ்சுக்குச் சாவு கிடையாது மாப்பிள்ளை" என்பார் கிழவர், பல்லில்லாத வாயில் ஒரு மிட்டாயை உருட்டிக்கொண்டே. பாதி சப்பிய மிட்டாயை வெளியே எடுத்து அதே காகிதத்தில் சுற்றித் தலையணை ஓரத்தில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அப்புறம் தின்னலாமாம், வீணாக்கக் கூடாதாம். எச்சில் ஊறிய அந்தக் காகிதம் தலையணை உறையோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் நூல் நூலாக வரும். கிழவர் போன பிறகு மெத்தைக்காரருக்கு முதலில் தோன்றிய நிம்மதி, இனி அந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டாம் என்பதுதான்.

கோடி அறை லட்சணமாகவே இருந்தது. உயரமான ஜன்னல், கனத்த திரை, இரண்டு பேர் தாராளமாகப் படுக்கிற கட்டில். மெத்தைக்காரர் பையைக் கீழே வைக்கும் முன்பே மூக்கை நீட்டினார். மேலாகச் சோப்பு வாசனை. அதற்கடியில் வேறொன்று இருந்தது. நாள்பட்ட களிம்பும் காய்ந்த மூத்திரமும் கலந்த மாதிரி. கொட்டகையில் தினமும் முகர்கிற நாற்றம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

நாற்றம் போகவில்லை. அது வெளியிலிருந்து வந்ததில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சாம்பல் நிறச் சீருடையில் ஒரு நடுவயதுப் பெண், தள்ளுவண்டியோடு நின்றாள். சாயங்காலப் படுக்கை போட வந்திருப்பதாகச் சொன்னாள். படுக்கைதான் போட்டே கிடக்கிறதே என்றார் மெத்தைக்காரர். இது டர்ன்டவுன், பெரிய ஓட்டல்களில் உள்ள வழக்கம் என்று அவள் விளக்கினாள். விருந்தாளி வந்ததும் அப்படியே சாயலாம், ஒன்றையும் தொட்டு நகர்த்த வேண்டாம் என்றாள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்க மெத்தைக்காரருக்கு வியாபாரி புத்தியில் ஒரு மரியாதை பிறந்தது. திரையை இழுத்து மூடினாள். பகலில் அழகுக்குப் போட்டிருந்த கனத்த மேல்விரிப்பை உருவி மடித்து ஓரத்தில் வைத்தாள். போர்வையின் மூலையைச் சாய்வாக மடித்து, ஆள் நுழைய வாசல் திறந்து வைத்தாற்போல் விட்டாள். கட்டிலடியில் ஒரு துணியைப் போட்டு அதன்மேல் வெள்ளைச் செருப்பு ஒரு ஜோடி. குடிக்கத் தண்ணீர். பெரிய விளக்கை அணைத்துச் சின்ன விளக்கு. கடைசியாகத் தலையணை நடுவில் வெள்ளிக் காகிதம் சுற்றிய ஒரு சாக்லேட். ஒரு மனுஷனைத் தூங்கவைக்க இத்தனை ஜோடனையா என்று மெத்தைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தம் கடையிலும் மெத்தைக்கு ஒரு மிட்டாய் கொடுக்கலாம் போலிருந்தது.

அவள் போகவில்லை. கட்டிலைச் சுற்றி மறுபக்கம் வந்தாள். அங்கேயும் போர்வையின் மூலையை மடித்தாள். அங்கேயும் ஒரு ஜோடி செருப்பு. அங்கேயும் ஒரு சாக்லேட்.

"நான் ஒருத்தன்தாம்மா."

"சீட்டுல அப்படித்தான் சார் போட்டிருக்கு." அவள் நிமிரவில்லை. "ஆனா இந்தப் பக்கமும் ஆள் படுத்த குழி இருக்கே. குழி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மடிக்கணும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கு."

மெத்தைக்காரர் குனிந்து பார்த்தார். குழி இருந்தது. தலைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஆழமாக ஒன்று. தொழில் தெரிந்த கண் பொய் சொல்லாது. ஓரிரவு தங்கிப்போகிற விருந்தாளி போடுகிற குழி இல்லை அது. மாதக் கணக்கில், நாளெல்லாம் புரளாமல் ஒரே பக்கம் கிடந்த உடம்பு போடுகிற குழி.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். மெத்தை வந்த நாளிலிருந்தே என்றாள் அவள். தினமும் தட்டிச் சமமாக்கிப் பார்ப்பதாகவும், சாயங்காலமானால் திரும்ப விழுந்துவிடுவதாகவும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு பக்கம் மட்டும் மடிச்சா, காலையில மொத்த விரிப்பும் நாறிப்போய்க் கிடக்கும் சார். ரெண்டும் மடிச்சுட்டா அது பாட்டுக்கு இருக்கும்."

அவள் வாசலில் நின்று, வண்டியில் தொங்கிய ஈரத் துணியில் விரல் விரலாகக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மெத்தைக்காரர் கட்டிலின் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். தம் பங்குச் சாக்லேட்டைத் தின்றார். நல்ல சரக்கு. மறுபக்கத் தலையணையில் இன்னொன்று இருந்தது. அதைத் தின்ன ஆளில்லை. கண்ணெதிரே ஓசியில் கிடப்பதை விட்டுவைத்தால் அவர் குலத்துக்கே இழுக்கு. மங்கலான வெளிச்சத்தில் கையை நீட்டி எடுத்து, காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டார்.

சூடாக இருந்தது.

வழுவழுவென்று இருந்தது.

மூலைகள் எல்லாம் மழுங்கி, நடுவில் ஒரு நாக்கு அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

யாரோ சப்பிப் பாதியில் வைத்தது. கையில் துப்பினார். கறுப்பு உருண்டையோடு எச்சில் கோழையாக வந்தது, பசை மாதிரிக் கெட்டியாக. விரலை உதறினார், விடவில்லை. அதில் பஞ்சு ஒட்டியிருந்தது. நரை முடி ஒன்றும் சுருண்டு கிடந்தது. குளியலறைக்கு ஓடக் கட்டிலைச் சுற்றி வந்தபோது, கட்டிலின் மறுபக்கச் செருப்புகள் கண்ணில் பட்டன. அவள் வைத்தபோது அவை முனையைச் சுவர்ப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தன. இப்போது கட்டிலைப் பார்த்திருந்தன. வெள்ளைத் துணியில் உள்ளங்கால் தடம் இரண்டு மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்தது.

வாயை எத்தனை தடவை கொப்பளித்தும் அந்த ருசி போகவில்லை. திரும்பி வந்தவர் கைப்பையிலிருந்து பஞ்சு பார்க்கிற சின்னக் கத்தியை எடுத்தார். பயத்திலும் அவர் வியாபாரிதான். சரக்கு எந்தச் சரக்கு என்று தெரிந்தாக வேண்டும். மெத்தையின் மூலையைத் தூக்கி, அடிப்பக்கத் தையலை நாலு விரல் அகலத்துக்கு அறுத்தார். புது உறைக்குள்ளே இன்னோர் உறை இருந்தது. பழுப்பேறிய பழைய உறை. அதில் பச்சைத் துணியில் ஓர் ஒட்டு. ஒட்டின் ஓரம் பொடிப் பொடியாக, ஒழுங்காகப் போட்ட தையல்.

அது அவர் மனைவியின் தையல்.

மாமனாரின் பெரிய கட்டில் மெத்தை அது. கிழவர் கடைசி மாதங்களைக் கழித்தது அதில்தான். உடம்பு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, தானாகப் புரள முடியாது. காலையில் மகள் புரட்டிப் போடுவாள். சாயங்காலம் மருமகன் முறை. சாயங்காலம்தானே கடையில் வியாபாரம்? மெத்தைக்காரர் வீட்டுக்கு வந்து, அறை வாசலில் நின்றபடியே எட்டிப் பார்ப்பார். அந்த நாற்றத்துக்குள் போக மனசு வராது. "புரட்டியாச்சு" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொள்வார். கிழவர் மகளிடம் ஒரு நாளும் காட்டிக்கொடுத்ததில்லை. பழைய வியாபாரி, மருமகனிடம் நேரடியாகவே பேரம் பேசிப் பார்த்தார். ரெண்டு பக்கம் வேண்டாம் மாப்பிள்ளை, ஒரு பக்கமாவது புரட்டு என்றார். முதுகில் புண் கண்டது. புண் குழியாயிற்று. குழியில் விரிப்பு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது.

அவர் போனதும், அந்த மெத்தையைக் கொளுத்திவிடுங்கள் என்று மனைவி அழுதாள். கொளுத்திவிட்டேன் என்றார். சட்டையில் புகை வாசனை வேண்டுமே என்பதற்காகக் கொட்டகைக்குப் பின்னால் பழைய சாக்கு இரண்டை எரித்தார். மெத்தையில் இருந்தது முதல் தரப் பஞ்சு. ஓட்டல் ஆர்டரில் ஒரு மெத்தை குறைந்தது. உள் உறையைப் பிரிக்கக்கூடச் சோம்பல்பட்டு, வெயிலில் ஒரு நாள் காட்டி, மேலே புது உறை மாட்டி அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது. கையில் இன்னும் உறையின் ஓரம் இருந்தது. அறுத்த வாயிலிருந்து அந்தக் களிம்பு நாற்றம் மூச்சு விடுகிற மாதிரி விட்டு விட்டு வந்தது. சூடாக வந்தது.

கையை எடுத்தார்.

மறுபக்கத்துக் குழி ஆழமாகிக்கொண்டிருந்தது. தலைக் குழி. தோள் குழி. இடுப்புக் குழி. அதன் நடுவில் விரிப்பு நனைந்து, மஞ்சளாக, ஓரம் சிவப்பாக விரிந்தது.

"மாப்பிள்ளை."

ஈறும் நாக்கும் மட்டுமே உள்ள வாயின் குரல்.

"புரட்டிப் போடு."

அவர் புரட்டவில்லை. பின்பக்கமாகவே நடந்து சுவரோரம் இருந்த நாற்காலியில் ஒடுங்கினார். ஓடியிருக்கலாம். ஓடினால் ஆர்டர் போகும், வாங்கின மிஷின் துருப்பிடிக்கும், ஊர் முழுக்கக் காரணம் கேட்கும், கேட்கிறவர்களில் மனைவியும் இருப்பாள். அதற்கு இந்த நாற்காலி மேல் என்று நினைத்துவிட்டார். பேரத்தில் அவர் செய்த முதல் தப்பு அது. விடிகிற வரை அந்தக் குரல் மறுபடி கேட்கவில்லை. எச்சிலைச் சப்புக்கொட்டி விழுங்குகிற சத்தம் மட்டும், யாரோ பொறுமையாகக் காத்திருக்கிற மாதிரி, வந்துகொண்டே இருந்தது.

காலையில் அந்தப் பெண் படுக்கையை எடுக்க வந்தபோது மெத்தைக்காரர் முகம் கழுவித் தலை சீவி நின்றுகொண்டிருந்தார். அவள் படுக்கையைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். கீழே மேலாளரிடம் அவள் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

"ஒரே இடத்துல அசையாமப் படுத்த குழி சார். ராத்திரி முழுக்க."

மேலாளரின் முகம் மலர்ந்தது. எப்படித் தூக்கம் என்று கேட்டார். மெத்தைக்காரருக்கு உண்மை தொண்டை வரை வந்தது. அதோடு அந்த எச்சில் ருசியும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினார்.

"பொறந்ததுலேர்ந்து இப்படித் தூங்கினதில்ல சார்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கொசுறு போட்டே பழகிய நாக்கு. "எந்திரிக்கவே மனசு வரல. எங்க வீட்டுல இப்படி ஒரு படுக்கை இல்லாமப் போச்சேன்னு இருக்கு."

"அப்ப அதை நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார் மேலாளர், அதே மெலிந்த குரலில்.

விருந்தாளிகளுக்கு அந்தப் படுக்கை கசந்துவிட்டது, உங்களுக்கோ பிடித்துவிட்டது, எங்கள் அன்பளிப்பாக இருக்கட்டும், அதற்குப் பதிலாக ஒரு புது மெத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள் என்றார். மெத்தைக்காரர் முதுகுவலி என்றார், பாய் என்றார், வீட்டில் இடமில்லை என்றார். இப்போதுதானே வேறு மாதிரிச் சொன்னீர்கள் என்று மேலாளர் புருவத்தைத் தூக்கினார். ஆர்டர் காகிதம் கையெழுத்தாகாமல் மேசைமேல் கிடந்தது. மெத்தைக்காரர் அதைப் பார்த்தார். நன்றி சொன்னார். மேலாளர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் ஓட்டல் வண்டி மெத்தையோடு அவர் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

கடையில் வேலைகளை இழுத்தடித்து, பொழுது சாய்கிற நேரத்தில்தான் வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி சமையலறையில் இருந்தாள், சந்தோஷமாக. இனியாவது பாயை விடுங்கள் என்றாள். அப்பா அறையில் கட்டில் சும்மாதானே கிடக்கிறது, அதில் போட்டேன், அளவெடுத்துச் செய்த மாதிரிப் பொருந்திவிட்டது என்றாள். அவர் சட்டையைக் கழற்றவில்லை. அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். முன்பெல்லாம் நிற்பாரே, அதே இடத்தில்.

வெளுத்த விரிப்பு. அதன்மேல் போர்வை. இரண்டு பக்கமும் மூலைகள் சாய்வாக மடித்துக் கிடந்தன.

"நீயா மடிச்சே?"

"நான் எதுக்கு மடிக்கிறேன்? விரிச்சுட்டு வந்தேன், அவ்வளவுதான். ஏங்க, ஏதோ நாறலை அங்க? எலி கிலி செத்துக் கிடக்கா பாருங்க. இருங்க, நானும் வரேன்."

"வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

அவசரமாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அவள் வந்தால் நாற்றத்தைத் தேடுவாள். தேடினால் மூலையைத் தூக்குவாள். தூக்கினால் அறுத்த இடத்தில் பச்சை ஒட்டு தெரியும். மெத்தைக்காரர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையையும் அந்தக் குழியின் அடியில் நுழைத்தார்.

கனம் இருந்தது.

வெதுவெதுவென்று ஏதோ கையில் வழிந்தது. மணிக்கட்டில் இறங்கி முழங்கைக்கு ஓடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்டினார். விரிப்பு எதனோடோ ஒட்டிக்கொண்டிருந்து, ஈரத் தோல் உரிகிற சத்தத்தோடு மெல்ல விட்டுக்கொடுத்தது. குழி தானாக மேடேறிச் சமமாயிற்று. கட்டிலின் மறுபக்கம் புதிதாக ஒரு குழி விழுந்தது. நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது, வெகுநாள் வலி விட்ட மாதிரி.

அவ்வளவுதான் என்று அவர் கையை உருவிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். பின்னால் தலையணையில் வெள்ளிக் காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது.

சமையலறையிலிருந்து மனைவி சிரித்தாள்.

"என்னங்க, அப்பா மாதிரியே மிட்டாயை இப்படிச் சப்பறீங்க? இங்க வரைக்கும் கேக்குது."

மெத்தைக்காரரின் வாய் இறுக மூடியிருந்தது.